டிக்கெட் இல்லாமல் டிஸ்னி வேர்ல்ட் ரிசார்ட்டுகளை ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாமா?

அட்லாண்டா அணில் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஜூன் மாதம் குடும்பத்துடன் ஆர்லாண்டோவுக்குக் காரில் செல்லவிருக்கிறோம். மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமா, அத்தை, நான், என் கணவர், நான்கு வயது மகள் என மொத்தம் ஐந்து பேர். மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு ஒரு நாள் டிக்கெட் வாங்கியாகிவிட்டது. மறுநாள் இன்னொரு பூங்காவுக்குப் போகலாம் என்று பார்த்தால், ஐந்து பேருக்கும் சேர்த்து 500 டாலரைத் தாண்டுகிறது. அவ்வளவு கொடுத்தாலும் பெரியவர்கள் இருவரும் எந்த ராட்டினத்திலும் ஏறப்போவதில்லை. நிழல் தேடி உட்கார்ந்துதான் இருப்பார்கள்.

டிஸ்னி வளாகத்துக்குள் இருக்கும் ரிசார்ட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டையோ காலத்தையோ நினைவூட்டும்படி கட்டப்பட்டவை என்றும், அங்கே அறை எடுக்காதவர்களும் உள்ளே சென்று பார்க்கலாம் என்றும் அலுவலகத் தோழி ஒருவர் சொன்னார். மாமா பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் கட்டடம் என்றாலே அவருக்குத் தனி ஆர்வம். அத்தைக்கு முழங்கால் வலி இருப்பதால் அதிகம் நடக்க முடியாது. மகளுக்கு ஒட்டகச்சிவிங்கி பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிச் சுற்றிப் பார்ப்பது உண்மையிலேயே அனுமதிக்கப்பட்டதுதானா, காரை எங்கே நிறுத்துவது, எந்தெந்த ரிசார்ட்டுகளைத் தேர்ந்தெடுப்பது, சைவ உணவுக்கு வழி உண்டா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

ஆரஞ்சுத்தோப்பு

சகோதரி, தாராளமாகப் பார்க்கலாம். லாபி, கடைகள், உணவகங்கள், தோட்டம், ஏரிக்கரை ஆகியவை பொதுவாக எல்லோருக்கும் திறந்தவை. நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம், அறைகள் இருக்கும் தளங்கள் ஆகியவை தங்கியிருப்பவர்களுக்கு மட்டுமே உரியவை. குளம் பொதுவழியிலேயே இருந்தாலும் குழந்தையை இறக்கிவிட வேண்டாம், தங்கியிருப்பவர் என்பதற்கான கைப்பட்டையைக் கேட்பார்கள்.

இந்தப் பயணத்தின் முதுகெலும்பு வளாகத்துக்குள் ஓடும் இலவசப் போக்குவரத்துதான். மோனோரயில், படகு, ஸ்கைலைனர் என்கிற கேபிள் கார், பஸ் எதற்கும் கட்டணம் கிடையாது. அவற்றில் ஏறப் பூங்கா டிக்கெட்டும் தேவையில்லை. உங்கள் மகளைப் பொறுத்தவரை இவையே ராட்டினங்கள்.

முதலில் மோனோரயில் வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செவன் சீஸ் லகூன் என்ற ஏரியைச் சுற்றி வரும் அந்தத் தடத்தில் கன்டெம்பரரி, பாலினீசியன், கிராண்ட் ஃபுளோரிடியன் என மூன்று ரிசார்ட்டுகள் இருக்கின்றன. இவற்றில் முதல் இரண்டும் 1971 அக்டோபர் 1 அன்று, மேஜிக் கிங்டம் பூங்காவோடு சேர்ந்தே திறக்கப்பட்டவை. உங்கள் மாமாவைக் கன்டெம்பரரியில் இறக்கிவிட்டால் சீக்கிரம் கிளப்ப முடியாது. ஆங்கில ‘ஏ’ எழுத்தைப் போல இரு பக்கமும் சாய்ந்து உயரும் கட்டடத்தின் வயிற்றுக்குள் மோனோரயில் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. வெல்டன் பெக்கெட் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு அது. யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் அறைகளைத் தனித்தனி இரும்புப் பெட்டிகளாக வேறோர் இடத்தில் தயாரித்து, குளியலறைச் சாமான்கள் வரை உள்ளே பொருத்தி, லாரியில் கொண்டுவந்து கிரேனால் தூக்கிச் சட்டகத்துக்குள் செருகியது. முன்கூட்டியே வார்த்த பாகங்களைக் கொண்டு கட்டுவது இன்று எங்கும் பேசப்படுகிறது என்றாலும், அரை நூற்றாண்டுக்கு முன் ஒரு பெரிய ஓட்டலையே இப்படி எழுப்பியிருக்கிறார்கள் என்பதை அவர் ரசிப்பார்.

அந்தக் கட்டடத்தின் நடுக்கூடத்தில் டிஸ்னி ஓவியர் மேரி பிளேர் வரைந்த, ஓடு பதித்த சுவர்ச்சித்திரம் ஒன்று 90 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. கிராண்ட் கேன்யன் பகுதியின் பழங்குடிக் குழந்தைகளும் பறவைகளும் விலங்குகளும் அதில் நிறைந்திருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஓர் ஆட்டுக்கு மட்டும் ஐந்து கால்கள். மகளிடம் அந்த ஆட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் நீங்கள் நிம்மதியாக உட்காரலாம்.

கிராண்ட் ஃபுளோரிடியன் 1988இல் திறக்கப்பட்டது. வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, அகன்ற தாழ்வாரம் என அதன் தோற்றம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் வடபகுதிச் செல்வந்தர்கள் குளிருக்குத் தப்பி ஃபுளோரிடாக் கடற்கரைக்கு வந்து தங்கிய விடுதிகளையும், கலிஃபோர்னியாவில் 1888இல் எழுந்த ஹோட்டல் டெல் கொரனாடோவையும் பின்பற்றியது. ஐந்து மாடி உயரத்துக்குத் திறந்திருக்கும் லாபியில் மெத்தை இருக்கைகள் நிறைய உண்டு. அத்தைக்கு நல்ல இளைப்பாறும் இடம் என்றால் அதுதான்.

காரைப் பற்றி: ரிசார்ட்டின் வாயிலில் காவலர் காரணம் கேட்பார். உணவகத்தில் முன்பதிவு இருந்தால் கட்டணமின்றி நிறுத்த அனுமதிப்பார். முன்பதிவு இல்லாதபோது, கூட்டம் குறைந்த நாளில் விடுவதும் உண்டு, கூட்டம் மிகுந்த நாளில் திருப்பி அனுப்புவதும் உண்டு. அந்த நிச்சயமின்மை வேண்டாம் என்றால், டிஸ்னி ஸ்பிரிங்ஸ் கடைவீதியில் உள்ள அடுக்கு நிறுத்தத்தில் இலவசமாகக் காரை விட்டுவிட்டு, அங்கிருந்து ரிசார்ட்டுகளுக்குச் செல்லும் பஸ்ஸில் ஏறலாம். அங்கிருந்து பூங்காக்களுக்கு நேரடிப் பஸ் விடுவதில்லை. இலவச நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போகிறவர்களைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு.

தாம்பா வெயில்

மேலே சொன்னவை சரியானவைதான் என்றாலும், இதைக் கிட்டத்தட்டச் செலவே இல்லாத நாள் என்று நினைத்துக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

டிஸ்னி நடத்தும் ரிசார்ட்டுகள் மட்டுமே இருபதுக்கு மேல் இருக்கின்றன. வளாகத்தின் பரப்பும் ஏறத்தாழ 40 சதுர மைல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ்ஸில் செல்வதற்கு, காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு மணி நேரம் வரை ஆகலாம். ஏனென்றால் ரிசார்ட்டிலிருந்து ரிசார்ட்டுக்கு நேரடிப் பஸ் கிடையாது. நடுவில் ஏதாவது ஒரு பூங்கா வாயிலிலோ டிஸ்னி ஸ்பிரிங்ஸிலோ இறங்கி மாற வேண்டும். நம் மக்கள் ஒரே நாளில் எட்டுப் பத்து இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு, நவக்கிரகக் கோவில் சுற்றுலாவைப் போல வாசலைத் தொட்டுவிட்டு ஓடுகிறார்கள். பெரியவர்களை அழைத்துக்கொண்டு செல்கிறவர்களுக்கு இரண்டு இடங்கள் போதும், மூன்று என்பது அதிகபட்சம்.

இரண்டாவதாக, ஒரு வேளைச் சாப்பாட்டையாவது அங்கே உட்கார்ந்து சாப்பிடத் திட்டமிடுங்கள். அந்த முன்பதிவே உங்கள் கார் நிறுத்தத்துக்கான அனுமதிச் சீட்டு என்பது ஒருபுறமிருக்க, குளிரூட்டப்பட்ட இடத்தில் ஒன்றரை மணி நேரம் யாருடைய பார்வையும் உறுத்தாமல் உட்காரும் உரிமையும் அதில் கிடைக்கிறது. உணவக முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். ஜூன் மாதப் பயணத்துக்கு இப்போதே டிஸ்னியின் செயலியில் பார்ப்பது நல்லது. மற்ற வேளைகளுக்குப் புளியோதரைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாலும் தவறில்லை, ஆனால் லாபி சோபாவில் பிரிக்க வேண்டாம். தோட்டத்திலும் ஏரிக்கரையிலும் மேசை போட்ட இடங்கள் இருக்கின்றன. குடிநீரைத் துரித உணவுக் கவுன்டரில் கேட்டால் பனிக்கட்டியோடு இலவசமாகத் தருவார்கள்.

ஜூலை நான்கு, கிறிஸ்துமஸ் போன்ற விடுமுறைகளை ஒட்டிய நாட்களில் இந்த யோசனையையே கைவிடுவது நல்லது. ரிசார்ட்டில் தங்குவதற்கோ உண்பதற்கோ சான்று கேட்கும் வழக்கம் அந்த நாட்களில் பஸ் நிறுத்தம் வரைகூட நீளும்.

கானகக்குருவி

ஒட்டகச்சிவிங்கிதான் மகளின் ஒரே நிபந்தனை என்றால், அனிமல் கிங்டம் லாட்ஜைத் தவிர வேறெதையும் முதலில் வைக்காதீர்கள். மோனோரயில் வட்டத்தைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் டிஸ்னி கட்டிய ரிசார்ட்டுகளிலேயே மிகச் சிறந்தது இந்த லாட்ஜ்தான்.

இது 2001இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் பீட்டர் டொமினிக். பிரதானக் கட்டடமான ஜாம்போ ஹவுஸ், கால்நடைகளை நடுவில் அடைத்துச் சுற்றிலும் குடிசைகள் எழுப்பும் ஆப்பிரிக்கக் கிராமத்தின் அமைப்பைப் பின்பற்றிப் பிறை வடிவில் வளைந்திருக்கிறது. அந்த வளைவுக்குள் புல்வெளி, புல்வெளியில் விலங்குகள். உள்ளே நுழைந்ததும் தலைக்கு மேலே ஓலை வேய்ந்ததுபோன்ற உயரமான கூரையும், கேடயங்களைச் சேர்த்துச் செய்த பெரிய விளக்குக் கொத்துகளும் தெரியும். லாபியில் நைஜீரியாவின் இக்போ மக்கள் செய்த இஜேலே முகமூடி ஒன்று இருக்கிறது. முகமூடி என்றதும் முகத்தில் மாட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். அது 16 அடி உயரம். மணிகளும் துணி பொம்மைகளும் அடுக்கடுக்காகத் தைக்கப்பட்டு, ஒரு சிறு தேரே எழுந்து நிற்பதுபோல இருக்கும். சுவரெங்கும் உள்ள கைவினைப் பொருட்களுக்கு அருகில் அவை எந்த நாட்டைச் சேர்ந்தவை என்ற குறிப்பும் உண்டு. நுழைவுக் கட்டணமில்லாத அருங்காட்சியகம் என்றே அதைச் சொல்லலாம்.

லாபியின் பின்பக்கம் உள்ள பெரிய கண்ணாடிச் சுவரைத் தாண்டி வெளியே வந்தால், புல்வெளிக்குள் நீண்டு செல்லும் பாறை மேடு ஒன்று இருக்கிறது. அங்கே நிற்பதற்கு அறை எடுத்திருக்க வேண்டியதில்லை. வரிக்குதிரைகளும் ஒட்டகச்சிவிங்கிகளும் அங்கோலே மாடுகளும் கீழே மேய்ந்துகொண்டிருக்கும். அங்கோலே மாட்டின் கொம்பைப் பார்த்ததும் காங்கேயம் காளையைப் பற்றி மாமா பேசத் தொடங்கிவிடுவார் என்று நினைக்கிறேன். வேலி கண்ணில் படாதபடி பள்ளமும் செடியும் வைத்து மறைத்திருக்கிறார்கள். அவை எப்படி வெளியே வராமல் இருக்கின்றன என்று தேடிப் பார்ப்பதே தனிப் பொழுதுபோக்கு. அங்கு நிற்கும் பணியாளர்களில் பலர் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். கேட்டால் விலங்குகளைப் பற்றி மட்டுமல்லாமல் தங்கள் ஊரைப் பற்றியும் பொறுமையாகச் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை: நண்பகல் வெயிலில் விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும். காலையில் சீக்கிரம் செல்லுங்கள், இல்லையென்றால் மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு செல்லுங்கள்.

உணவுக்கு, பத்து நிமிட நடைத் தொலைவில் உள்ள கிடானி வில்லேஜ் என்ற பகுதியில் சனா என்ற உணவகம் இருக்கிறது. இது 2009இல் அந்தப் பகுதியோடு சேர்ந்து வந்தது. இந்தியப் பெருங்கடல் வழியாக மசாலாவும் மக்களும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்ற வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட சமையல் என்பதால், ‘நான்’ (naan) எனப்படும் வட இந்திய ரொட்டி வகைகளும் அவற்றோடு சிறு கிண்ணங்களில் வரிசையாகச் சட்னி, ஊறுகாய், ரைத்தா ஆகியவையும் அங்கே கிடைக்கும். அந்த ரொட்டித் தட்டுதான் அந்த உணவகத்தின் புகழுக்கே காரணம். இருவருக்கு ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். ஜன்னலோர இருக்கை அமைந்துவிட்டால் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே வரிக்குதிரையைப் பார்க்கலாம். காரம் நம் வீட்டு அளவுக்கு இருக்காது. அத்தைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இந்த லாட்ஜுக்கு மோனோரயிலோ படகோ கிடையாது; கார் அல்லது பஸ் மட்டுமே. அதனால் சனாவில் முன்பதிவு செய்துகொண்டு காரிலேயே செல்வது உத்தமம்.

அட்லாண்டா அணில்

விரிவாக எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. சனாவில் மதிய உணவுக்கு இடம் கிடைத்துவிட்டது. மூன்று இடங்கள் என்ற வரம்பையும் ஏற்றுக்கொள்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகங்கள் மட்டும் இருக்கின்றன. அத்தைக்காக மடக்கும் சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டு வருகிறோம். மோனோரயிலிலும் கேபிள் காரிலும் அதோடு ஏற முடியுமா? உயரம் என்றால் அவருக்குச் சற்றுப் பயம். மேலும், ஜூன் மாதத்தில் மழை வந்துவிட்டால் மாற்றுத் திட்டம் என்ன?

நிழல்குடை

சக்கர நாற்காலியைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். பஸ்களில் சாய்தளம் உண்டு. மோனோரயில் நிலையத்தில் ஊழியரிடம் சொன்னால் பலகை வைத்து ஏற்றிவிடுவார். ஸ்கைலைனரில் பெட்டிகள் பொதுவாக நிற்காமல் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும் என்றாலும், சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று தனித்தடத்தில் பெட்டியை முழுவதுமாக நிறுத்தி ஏற்றுகிறார்கள். படகில் மட்டும் நீர்மட்டத்தையும் படகின் வகையையும் பொறுத்துச் சில நேரம் சிரமம் இருக்கும்.

ஆனால் உயரம் பயம் என்றால் ஸ்கைலைனரை விட்டுவிடுங்கள். 2019இல் தொடங்கிய அந்தச் சேவை, கரீபியன் பீச் ரிசார்ட்டை மையமாக வைத்து எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காக்களையும் ரிவியரா, பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் ரிசார்ட்டுகளையும் இணைக்கிறது. பெட்டிகளில் காற்றோட்டம் உண்டு, குளிர்சாதனம் கிடையாது. யாரையாவது ஏற்றுவதற்காகச் சில நேரம் நடுவானில் நின்றுவிடும். நமக்கு அது சாதாரணம், பயப்படுகிறவர்களுக்கு அப்படியல்ல. பயமில்லாதவர்களுக்கு மட்டும் ஒரு தகவல்: எப்காட் நிலையம் பூங்கா வாயிலுக்கு வெளியிலேயே இருப்பதால், டிக்கெட் இல்லாமலே அங்கே இறங்கி யாட் கிளப், பீச் கிளப், போர்டுவாக் ஆகிய ரிசார்ட்டுகளை அங்குள்ள ஏரியைச் சுற்றி நடந்தே பார்த்துவிடலாம். அருகிலேயே மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்த ஸ்வான், டால்ஃபின் ஓட்டல்கள் இருக்கின்றன. கூரை மேல் 47 அடி உயர அன்னங்களை உட்கார வைத்த கட்டடத்தை மாமா பாராட்டுவாரா, தலையில் அடித்துக்கொள்வாரா என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை.

மழையைப் பற்றி: ஃபுளோரிடாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டி, ஓரிரு மணி நேரத்தில் நின்றுவிடுவது வழக்கம். மின்னல் நெருங்கினால் ஸ்கைலைனரையும் படகுகளையும் நிறுத்திவிடுவார்கள். மோனோரயிலும் பஸ்ஸும் பெரும்பாலும் ஓடும். அந்த நேரத்தைக் கழிக்க வில்டர்னெஸ் லாட்ஜைவிடச் சிறந்த இடமில்லை. 1994இல் திறக்கப்பட்ட இதுவும் பீட்டர் டொமினிக்கின் கைவண்ணம்தான். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1904 முதல் இயங்கிவரும் ஓல்ட் ஃபெய்த்ஃபுல் இன் என்ற மரவிடுதிதான் இதற்கு முன்னோடி. பருத்த மரத்தூண்கள் தாங்கும் லாபியில் 82 அடி உயரக் கல் அடுப்பு ஒன்று இருக்கிறது. கிராண்ட் கேன்யனின் பாறை அடுக்குகள் கீழிருந்து மேலாக எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் அதன் கற்களை நிறம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். அடுப்பருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு மழை ஓயும் வரை உட்காரலாம். லாபிக்குள்ளேயே ஊற்றாகத் தொடங்கும் நீர், தரைக்கு அடியில் சென்று வெளியே ஓடையாகி, பிறகு அருவியாக விழுகிறது. மழை விட்டதும் பின்பக்கம் ஏரிக்கரைக்குச் சென்றால், மணிக்கு ஒருமுறை பீறிட்டு எழும் செயற்கை வெந்நீர் ஊற்றையும் பார்த்துவிட்டு வரலாம்.

ஆரஞ்சுத்தோப்பு

முன்பதிவு கிடைத்துவிட்டதால் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். மதிய உணவு நேரத்துக்கு வெகு முன்பாகவே அனிமல் கிங்டம் லாட்ஜுக்குச் சென்று, முதலில் ஜாம்போ ஹவுஸ் பாறை மேட்டில் விலங்குகளைப் பார்த்துவிட்டுச் சனாவுக்கு வாருங்கள். வாயிலில் சற்று முன்னதாக வந்ததற்குக் காரணம் கேட்டால், விலங்குகளைப் பார்க்க வேண்டும் என்று உண்மையைச் சொல்லலாம். சாப்பிட்டதும் காரை எடுத்துக்கொண்டு டிஸ்னி ஸ்பிரிங்ஸுக்கு வந்து நிறுத்திவிட்டு, மழை பெய்தால் வில்டர்னெஸ் லாட்ஜ் பஸ்ஸிலும், பெய்யாவிட்டால் கன்டெம்பரரி பஸ்ஸிலும் ஏறுங்கள். வில்டர்னெஸ் லாட்ஜிலிருந்து கன்டெம்பரரிக்குப் படகு இருக்கிறது. படகு நின்றிருந்தால் மேஜிக் கிங்டம் பஸ்ஸில் சென்று, அங்கிருந்து மோனோரயிலில் ஏறலாம்.

மாலையைப் பாலினீசியனுக்கு ஒதுக்குங்கள். அதன் மணற்கரையிலிருந்து பார்த்தால் ஏரிக்கு அப்பால் மேஜிக் கிங்டம் கோட்டை நேர் எதிரே தெரியும். இரவு வாணவேடிக்கையை அங்கிருந்தே பார்க்கலாம், இசையும் ஒலிபெருக்கியில் வரும். முந்தைய நாள் பூங்காவுக்குள் கூட்டத்தில் நசுங்கிப் பார்த்ததைவிட இது அத்தைக்குப் பிடிக்கும் என்பது என் எண்ணம். மணலில் சக்கரம் புதையும் என்பதால் நாற்காலியை நடைபாதை ஓரத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வாணவேடிக்கை நேரம் நாளுக்கு நாள் மாறும். அன்று காலை செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். அவசரப்படாமல் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்று பலகை போட்ட பஸ்ஸில் ஏறுங்கள். குழந்தையின் தள்ளுவண்டியைப் பஸ்ஸில் ஏறும் முன் மடக்கச் சொல்வார்கள். அதற்குள் அவள் தூங்கியிருப்பாள், ஆகவே தோளில் போட்டுக்கொள்ள ஒருவரையும் வண்டியை மடக்க ஒருவரையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.